வாவிக்கரை வரலாறு – 17: கல்லுக்கு முன் இடாப்பு

1942 ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகல், மட்டக்களப்புக்கு நேரே கடலில், ‘ஹெர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அரைமணி நேரத்துக்குள் மூழ்கியது. திருகோணமலைத் துறைமுகம் தாக்கப்படப்போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்து, முதல்நாள் இரவே அங்கிருந்து விலகி வந்த கப்பல் அது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே வரைந்து கட்டப்பட்ட அதன் தளத்தில் அன்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த ‘வம்பயர்’ என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் ‘ஹொலிஹொக்’ என்ற சிறு காவற்கப்பலும் அதே நாளில் அதே கடலில் போயின. தண்ணீரில் தத்தளித்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் அள்ளிக் காப்பாற்றியது. கப்பலின் உடல் இன்னும் கரையிலிருந்து 9 கிலோமீற்றர் அளவில், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. ஆனால் இறந்த 307 பேர் யார் என்று அறிய ஒருவர் கடலில் இறங்கவும் வேண்டாம், மட்டக்களப்புக்கு வரவும் வேண்டாம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய துறைமுக நகரங்களிலுள்ள கடற்படை நினைவுத்தூண்களில் அவர்களில் பெரும்பாலானோர் பெயர் பெற்றிருக்கிறார்கள். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் ஏட்டில் பெயர், வயது, பதவி, கப்பல் என்று வரிவரியாக இருக்கிறார்கள். 1917இல் தொடங்கப்பட்ட அந்த ஆணையமே திருகோணமலையில் நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தையும் பராமரிக்கிறது.

அந்த ஆணையத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இறந்தவன் தளபதியானாலும் சமையற்காரனானாலும் பெயர் ஒரே அளவில் பொறிக்கப்படும் என்ற அதன் விதி, ஆபிரிக்கச் சுமைகாவிகளுக்கும் இந்தியப் படையாட்களுக்கும் வந்தபோது தாராளமாக மறக்கப்பட்டது. முதலாம் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், கூடினால் 3,50,000 பேர்வரை, பெயரில்லாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்று 2021இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. நூறு ஆண்டு கழித்து அந்தத் தவறு எப்படிப் பிடிபட்டது? யாரும் கல்லை எண்ணவில்லை. ஏட்டை ஏட்டோடு ஒப்பிட்டார்கள். நினைவைக் காப்பது ஏடா கல்லா என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு நம் கரைக்கு வரவேண்டும்.

‘ஹெர்மிஸ்’ மூழ்கி 48 ஆண்டுகள் கழித்து, 1990இல், வாவியை ஒட்டிய இந்த ஒடுங்கிய நிலத்தில் இரண்டு மாத காலத்துக்குள் நடந்தவற்றைத் திகதி வாரியாக மட்டும் வைத்துப் பார்ப்போம். ஜூலை 12: குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்ட முஸ்லிம் பயணிகள், ஹஜ் யாத்திரை முடித்து வீடு திரும்பியவர்களும் உட்பட, விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3: காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது புலிகள் சுட்டதில் நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகஸ்ட் 11 இரவு: ஏறாவூரில் நூறுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வீடுகளிலேயே கொல்லப்பட்டார்கள். செப்ரெம்பர் 5: வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்த தமிழரில் 158 பேரை இராணுவம் ஏற்றிச் சென்றது, அவர்கள் திரும்பவில்லை. செப்ரெம்பர் 9: சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஊர்களிலிருந்து சத்துருக்கொண்டான் இராணுவ முகாமுக்குக் கூட்டிச் செல்லப்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்க் கணக்கில் 184 பேர். உயிரோடு தப்பி வந்து சொன்னவர் ஒருவர்.

இந்த ஐந்து இடங்களையும் ஒரே நாளில் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எனினும் ஐந்தையும் ஒரே தாளில் எழுதி வைத்த ஒரு பொது ஆவணம் இந்த மாவட்டத்தின் எந்த வாசிகசாலை மேசையிலும் ஊர் வரலாறாகக் கிடப்பதில்லை. சத்துருக்கொண்டானில் வீதியோரம் தூபி நிற்கிறது. காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த துளைகள் பூசப்படாமல் விடப்பட்டிருக்கின்றன. சுவரைப் பூசுவதற்கு ஒரு மேசன் போதும், பூசாமல் விடுவதற்கு ஓர் ஊரின் தீர்மானம் வேண்டும் என்பதால், இந்தக் கரையிலுள்ள நினைவுச் சின்னங்களில் மிகக் கவனமாகக் காக்கப்பட்டது அதுதான் என்பேன். குருக்கள்மடத்தில் ஒன்றுமில்லை, புதைகுழியைத் தோண்ட வேண்டும் என்ற கோரிக்கை 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம்வரை போய், ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஆக, இருப்பதும் இல்லாததும் அந்தந்த ஊரின் பலத்தைப் பொறுத்தது. ஓர் ஊரின் தூபியில் இருக்கும் திகதி அடுத்த ஊருக்குத் தெரியாது. ‘மறந்துபோன நினைவுத்தூபிகள்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் உரியவர் எவரும் மறக்கவில்லை. பக்கத்து ஊர் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, எல்லாருக்குமாக ஒரு பெரிய தூபி கட்டுவது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் தன் 2011 அறிக்கையில், சுதந்திர தினத்தில் எல்லாப் பலியாட்களுக்காகவும் ஒரு தனி நிகழ்வு வேண்டும் என்று யோசனை சொன்னது. நல்ல மனத்தோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் இந்த நாட்டிலேயே அதைச் சோதித்துப் பார்த்த அனுபவம் இருக்கிறது. 1989–90 காலத் தெற்குப் பயங்கரத்தில் காணாமற்போன எம்பிலிப்பிட்டிய மாணவர்களை நினைவில்கொண்டு, 1999இல் பாராளுமன்றத்துக்கு அருகே, ஓவியர் ஜகத் வீரசிங்கவின் வடிவமைப்பில் ‘அப்பாவிகளின் ஆலயம்’ என்ற நினைவிடத்தை அரசே எழுப்பியது. சில ஆண்டுகளில் அது கவனிப்பாரற்றுச் சிதைந்தது. பின்னர் இருந்த இடம் தெரியாமல் அகற்றப்பட்டது. அதே காலத்தில் சீதுவைக்கு அருகே ரத்தொலுவச் சந்தியில், சந்திரகுப்த தேனுவரவின் வடிவமைப்பில், காணாமற்போனோரின் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் முகப்படங்களைப் பதித்து ஒரு சுவர் எழுப்பின. அந்தச் சுவர் நிற்கிறது. ஒவ்வொரு ஒக்டோபர் 27ஆம் திகதியும் அவர்கள் அங்கே கூடுகிறார்கள். முதலாவதுக்கு அரசின் காணியும் காசும் இருந்தன. இரண்டாவதுக்குப் படமும் பெயரும் இருந்தன, வருடம் தவறாமல் வந்து நிற்க ஆட்களும் இருந்தார்கள். நம் மட்டக்களப்புக் கோட்டையும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த அந்தக் கட்டடம் இத்தனை காலம் நின்றதற்கு அதன் சுவர்த் தடிப்பு ஒரு காரணம்; உள்ளே கச்சேரி நடந்ததும், மனுவும் உறுதியும் கையில் வைத்துக்கொண்டு சனம் வாசலைத் தாண்டி உள்ளே போய்வந்ததும் அதைவிடப் பெரிய காரணம்.

எனவே என் வாதம் இது: மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இன்று அவசரமாக வேண்டியது இன்னொரு தூபி அன்று, ஓர் இடாப்பு. ஊர், நாள், பெயர், வயது, என்ன நடந்தது, அது எதனால் தெரியவந்தது என்ற நிரல்களோடு, இந்த நிலத்தில் போரால் இறந்த, காணாமலாக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. தூபி உடைந்தால் இடாப்பைப் பார்த்துத் திரும்பக் கட்டலாம். தூபியை மட்டும் வைத்துக்கொண்டு, அது உடைந்தபின் பெயரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும் இந்தக் கரையில் கூரையையும் சுவரையும் மட்டுமா கொண்டுபோயின? பெட்டியில் இருந்த பிறப்புப் பத்திரத்தையும் கல்யாணப் படத்தையும் சேர்த்தே கொண்டுபோயின. கல்லடியும் நாவலடியும் அதற்குச் சாட்சி.

இப்படி ஏடு தொகுப்பது நமக்குப் புதிய வேலையும் அன்று. மட்டக்களப்பின் பழைய வரலாறென்று இன்று கையில் இருப்பதில் பெரும்பகுதி, வீடுகளிலும் கோயில்களிலும் ஏட்டுச் சுவடியாகக் கிடந்ததை யாரோ ஒருவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கி அச்சேற்றியதால் வந்தது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட வரலாறும், எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மிய’மும், வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’மும் அந்தத் தேடலின் பயன். நடராசா வரலாற்றைப் புனையவில்லை. செல்லரிப்பதற்கு முன் எடுத்தார். அவர் கைக்கு வராத சுவடிகளில் என்ன இருந்ததென்று நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. 1990இன் சுவடிகள் இன்று அதே நிலையில் இருக்கின்றன. அவை அப்பியாசக் கொப்பியில் எழுதிய பட்டியலாகவும், மனுவின் கரிப்பிரதியாகவும், முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டாகவும் இருக்கின்றன. இறந்தவருக்காக அச்சடிக்கும் சிறு புத்தகத்தை ‘கல்வெட்டு’ என்று அழைக்கும் வழக்கம் நமக்கு உண்டு என்பதை இங்கே ஒருகணம் யோசிக்கலாம். கடதாசியே கல் என்று சனம் எப்போதோ தீர்மானித்துவிட்டது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் இத்தகைய கல்வெட்டுகளையும் மலர்களையும் ஆயிரக்கணக்கான வெளியீடுகளோடு சேர்த்து எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. ஆனால் கல்வெட்டு அச்சடிக்கக் காசும், செத்தவீடு நடத்த உடலும், அழுவதற்கு ஆளும் இருந்த குடும்பத்துக்குத்தான் கல்வெட்டு உண்டு. குடும்பத்தோடு போனவர்களுக்கு அதை அடிக்க ஆளில்லை.

வாய்மொழி போதாதா, ஊர் தன்பாட்டில் நினைவு வைத்திருக்காதா என்று கேட்கலாம். படுவான்கரையில் அதற்கு நல்ல உதாரணமே இருக்கிறது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தை இடிக்க வந்த பறங்கியர், ‘இந்தக் கல் மாடு புல் தின்னுமா?’ என்று ஏளனம் செய்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதை நானூறு ஆண்டுக்குக் கிட்ட உயிரோடிருக்கிறது. போர் நடந்தது, கோயில் தப்பியது, பயம் இருந்தது என்ற மூன்றையும் அந்தக் கதை காப்பாற்றிவிட்டது. ஆனால் அந்தப் படையெடுப்பில் யார் செத்தார், எந்த ஆண்டு, எந்த ஊர் எரிந்தது என்பதில் ஒன்றுகூட அதில் இல்லை. வாய்மொழி உணர்வைக் காக்கும், ஆளைக் காக்காது. அதே கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987 ஜனவரி 28இல் மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளரும் ஊரவரும் விசேட அதிரடிப் படையால் கொல்லப்பட்டதும், 1991 ஜூன் 12இல் கண்ணிவெடியில் இரு படையினர் இறந்ததற்குப் பழியாக மகிழடித்தீவு, முனைக்காடு, முதலைக்குடா ஊர்களில் நடந்ததும், இப்போதே பலர் வாயில் ஒரே ‘கொக்கட்டிச்சோலைப் படுகொலை’யாகக் கலந்துவிட்டன. நான்கு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு நிகழ்ச்சிகள் நாற்பது ஆண்டுக்குள் ஒன்றாகுமானால், நானூறு ஆண்டில் அதுவும் ஒரு கல் நந்தியாகிவிடும்.

அடுத்த ஆட்சேபம் கனமானது: எண்ணிக்கை எதுவுமே நிச்சயமில்லாதபோது இடாப்பு எப்படி? 1991 நிகழ்வுக்கு அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழு, ‘இருதரப்புச் சூட்டில் அகப்பட்டார்கள்’ என்ற விளக்கத்தை ஏற்கவில்லை. 67 பேர் கொல்லப்பட்டதாக முடிவு செய்தது. ஊரார் கணக்கு 150ஐத் தாண்டுகிறது. காத்தான்குடிக்கு 103 முதல் 147 வரை எண்கள் சொல்லப்படுகின்றன. இந்த வேறுபாட்டைக் காட்டி, ‘எல்லாம் மிகைப்படுத்தல்’ என்று ஒதுக்குபவர்களும் உண்டு. ‘குறைத்துச் சொல்லிவிட்டார்கள்’ என்று கொதிப்பவர்களும் உண்டு. இருவரும் எண்ணோடுதான் சண்டை பிடிக்கிறார்கள். எண்ணுக்குச் சாட்சி கேட்க முடியாது, பெயருக்குக் கேட்கலாம். 67ஆ 150ஆ என்பதை மேடையில் தீர்க்க முடியாது. அறுபத்தெட்டாவது பெயரை ஒருவர் எழுதி, வயதையும் வீட்டையும் காட்டும்போது தீரத் தொடங்கும். எந்தப் பெயர் விசாரணையில் நிலைநாட்டப்பட்டது, எது குடும்பத்தின் வாக்குமூலம், எது இன்னும் உறுதிசெய்யப்படவேண்டியது என்பதை அதே வரியிலேயே குறித்துவிட்டால் இடாப்பு பொய் சொல்லவேண்டிய தேவையே வராது. வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் சம்பவங்களை நீதிபதி பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழு 1990களின் நடுப்பகுதியில் விசாரித்தபோது, அகதி முகாமுக்குப் பொறுப்பாயிருந்த பல்கலைக்கழக ஆசிரியர்களின் சாட்சியம் உதவியது. ஒருவர் போனார் என்பதை அந்த நேரத்தில் யாரோ குறித்து வைத்திருந்தால் பின்னால் மறுப்பது கடினம். தண்டனை கிடைக்காவிட்டாலும் இது பொருந்தும். 1992 ஆகஸ்ட் 9இல் மயிலந்தனையில் 35 பேர் கொல்லப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட படையினரை 2002இல் கொழும்பில் யூரிகள் விடுவித்தார்கள். தீர்ப்பு எதிரிகளை விடுவித்தது. இறந்தவர்களை உயிர்ப்பிக்கவில்லை, அவர்கள் வரிகள் இடாப்பில் இருந்தே தீரவேண்டும்.

ஆயுதம் ஏந்தியவர்களை எழுதுவதா என்பது எல்லாவற்றிலும் முள்ளான கேள்வி. தரவை, கண்டலடி, தாண்டியடி, மாவடிமுன்மாரி ஆகிய நான்கு இடங்களில் புலிகளின் துயிலுமில்லங்கள் இருந்தன. கிழக்கு இராணுவத்தின் கைக்கு வந்தபின் அவை தரைமட்டமாக்கப்பட்டன. தடைசெய்யப்பட்ட இயக்கத்தைப் போற்றுவதாகிவிடும் என்பது அரசின் வாதம். 1971லும் 1987–89லும் ஆயுதம் எடுத்த ஜே.வி.பி. தன் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு நவம்பரிலும் கொழும்பில் பகிரங்கமாகவே நினைவுநாள் நடத்துகிறது என்பதை இதற்குப் பதிலாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் பக்கத்து ஆட்சேபம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டுவது நேர்மையல்ல. துயிலுமில்லத்திலும் எல்லாருக்கும் இடமிருக்கவில்லை. 1986இல் புலிகள் சகோதர இயக்கங்களை அழித்தபோது செத்த பிள்ளைகள் எந்த மண்ணில் கிடக்கிறார்கள்? 2004 ஏப்ரலில் வெருகல் கரையில் புலிகளோடு புலிகள் மோதியபோது கிழக்குப் பிள்ளைகள் இருபக்கமும் செத்தார்கள். அவர்களை எந்த விளக்கீடும் முழுமையாகச் சேர்த்துக்கொள்வதில்லை. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடையச் சொல்லப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட பொலிஸ்காரர்கள் 600க்கும் மேல் என்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் தூரத்து மாவட்டங்களில் இருக்கிறார்கள். தூபி எழுப்புவது வணக்கம். வணங்குவதா இல்லையா என்று சனம் முரண்படலாம். இடாப்பு எழுதுவது வணக்கமாகாது. மரணப் பதிவாளர் ஒருவர் செத்தவர் நல்லவரா என்று கேட்டுவிட்டா பத்திரம் எழுதுகிறார்?

எல்லாரையும் ஒரே ஏட்டில் எழுதினால் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் சமமாகிவிடுவார்கள் என்ற பயம், இரு சமூகங்களிலும், சொல்லப்போனால் மூன்றிலும் இருக்கிறது. திகதி வரிசையில் வைப்பது அந்தப் பயத்தைக் கூட்டாது, குறைக்கும். யார் சுட்டது, எந்தத் தரப்பு கொண்டுபோனது என்ற நிரல் இடாப்பில் இருக்கத்தான் வேண்டும். அதை மென்மைப்படுத்தி ‘இனந்தெரியாதோர்’ என்று எழுதும் கள்ளம் கூடாது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரையான அந்தத் தாளைப் படிப்பவர், தன் ஊருக்கு முன்னும் பின்னும் நடந்ததைத் தவிர்க்க முடியாமல் படிப்பார். முன்னால் நடந்தது பின்னால் நடந்ததற்கு நியாயமாகாது. தொழுகையில் நின்றவர் எவரையும் வழிமறிக்கவில்லை, சத்துருக்கொண்டானில் கூட்டிச் செல்லப்பட்ட கிழவி பள்ளிவாசலுக்குள் சுடவுமில்லை. பழைய காயத்தைக் கிளறாதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். ஆகஸ்ட் 3ஐ ஷுஹதாக்கள் தினமென்று காத்தான்குடி ஒருநாளும் விட்டதில்லை, செப்ரெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் விளக்கு எரியாமல் இல்லை. கிளறுவதற்கு ஆறிய காயம் எங்கே இருக்கிறது?

எழுதும் முறைக்கு வருவோம். பெயர்களைச் சரிபார்க்க வேண்டிய மூலங்கள் பல, இன்னும் இருக்கும்போதே தொடவேண்டியவை: 1980களின் வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சேர்வு இடாப்பும் வரவு இடாப்பும், கூப்பன் அட்டைப் பதிவு, தேவாலயத்தின் ஞானஸ்நானக் கொப்பி, பள்ளிவாசல் நிர்வாகத்தின் பதிவு, கோயில் வண்ணக்கர் வீட்டுக் கணக்கு. பாடசாலை வரவு இடாப்பு இவற்றில் கொடியது. 1990ஆம் ஆண்டின் ஒரு மாதம்வரை வரவுக் குறி இருக்கும்; பிறகு அந்த வரி முழுக்க வெறுமையாகப் போகும். கிராம உத்தியோகத்தர், அதிபர், மௌலவி, வண்ணக்கர் என நால்வர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஓர் ஊர் இடாப்பு சில மாதங்களில் முடியும். அப்படி உட்காரும்போது ஒரு சிக்கல் வரும்: ஒரே பெயரில் பலர், தகப்பன் பெயர் தெரியாத சிறுவர், பெயர் வைக்கமுன்னே போன கைக்குழந்தை. இந்தக் கரையில் அதற்கும் ஒரு வழி உண்டு. இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியில் வருகிறது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடி முறையில்தான் அமர்ந்தார்கள். ஆகவே சத்துருக்கொண்டானில் போன குழந்தைக்கும் ஏறாவூரில் போன குழந்தைக்கும் இடாப்பில் வரி திறக்க, எழுதுபவர் ஒரே கேள்வியைத்தான் கேட்கவேண்டியிருக்கும்: தாய் எந்தக் குடி?